பேர் போட்டாச்சு

முந்தின நாள் பதினெட்டு என்று இருந்த இடத்தில் அன்று விடிகாலை பத்தொன்பது என்று இருந்தது.

தமிழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்தை மூடித் திறந்தாள். பத்தொன்பது நாள் மீதி. கட்டிய பணத்துக்கு இத்தனை நாள் என்று கொடுத்துவிட்டு, விடிந்தால் ஒன்றைக் கழித்துக்கொண்டே வருவதுதான் அந்த எண்ணின் வேலை. அது குறையலாம், தீர்ந்துபோகலாம். கூடக் கூடாது.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து சேரவேண்டிய தீவு ஊரான ஹட் பேயில் இணையம் ஒழுங்காக வருவது காலை நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான். அதற்கு மேல் ஆபீஸ்கள் விழித்துக்கொள்ளும். தீவு முழுதும் அந்த ஒற்றைச் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்து இழுக்க, ஒரு பக்கம் திறக்கிற நேரத்தில் சோறு வடித்து இறக்கிவிடலாம். அதனால், சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த அந்தத் தகரச் சுவர் வீட்டின் முன்னறையில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டருமாக அவள் நடத்திவந்த நெட் சென்டரில், சொந்த வேலைக்கு அவள் ஒதுக்கியது விடிகாலையைத்தான். உள்ளறையில் மகள் ஜெயராணி போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். தென்னை மட்டைகளில் தங்கிய இரவின் ஈரம் கூரையில் சொட்டும். கடல் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தது. அவளே அலைந்து கேட்டு வாங்கிய தூரம் அது. காற்றடிக்கும் திசையைப் பொறுத்துச் சில நாள் அலை கேட்கும், சில நாள் கேட்காது. அன்று காற்றே இல்லை. கேட்டது.

அந்த எண் ஒரு வெளிநாட்டுச் சேவையினுடையது. இணையத்தில் யார், எங்கிருந்து, எதைப் படிக்கிறார், எதை எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியாமல் மறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஆறு மாதத்துக்கு முன் பட்லர் பே கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாட வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் சென்டருக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்தாள். பேர் கேட்கமாட்டார்கள், மெயில் கேட்கமாட்டார்கள், பேங்க் அட்டை வேண்டாம். பதினாறு இலக்க எண் ஒன்று தருவார்கள். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நோட்டோடு சேர்த்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். உறையைக் கிழித்து எறிந்துவிட்டு எண்ணுக்கு நாள்களை ஏற்றிவிடுவார்கள். போகும்போது அந்தப் பெண் தன் நாட்டு நோட்டு ஒன்றையும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சென்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பேர், அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் நோட்டில் எழுதி வாங்கவேண்டும் என்பது சட்டம். ஊர் முழுவதன் பேரையும் எழுதி வாங்குகிறவளுக்குப் பேர் இல்லாத ஒரு இடம் வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்பதை அவள் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தாள். பேரழிவுகளில் தப்பியவர்கள் பேர் சொல்லாமல் எழுதுகிற தளம் ஒன்றில், மூன்று விடிகாலைகளில், தெரிந்த அளவு இங்கிலீஷில்.

அதை ஜெயராணி ஒருநாளும் படித்துவிடக் கூடாது. அதற்குத்தான் இத்தனை மறைப்பும்.

அன்று பத்து மணிக்கு அழகர்சாமி வந்தார். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அவள் குடும்பத்தோடு ஒரே லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தவர். பிறகு ஹட் பேக்கு வந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, தோட்டம் மூடியபின் சும்மா இருக்கிறவர். இவர்கள் எல்லாருமே இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள்.

"என்னா புள்ள, ஒங்க நெட்டு இன்னிக்குப் பெரட்டுக்கு வந்துச்சா, இல்லியா?"

"காலையில வந்துச்சு மாமா. இப்பப் பந்த்."

"அப்ப அரைப்பேர் போட்டு வுடு." அவரே சிரித்துக்கொண்டார். "நம்ம கணபதி கணக்கப்பிள்ளை இருந்தா அதான் போட்டிருப்பான். அவன்கிட்ட அரைப்பேர் வாங்காத ஆளு கச்சால்ல உண்டா? பேர் கூப்புடுறப்ப கொட்டாவி வுட்டாக்கூட அரைப்பேர்தான் பாவி."

தமிழரசியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் பார்ப்பார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோல் தாளை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். "இருக்கேன்" என்று உடனே சொன்னால் பேர் விழும்: தாளில் ஒரு பெருக்கல் குறி. தாமதித்துச் சொன்னால் ஒற்றைச் சாய்கோடு, அரைப்பேர். கணபதி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் குறி போடுவான். அந்தச் சின்ன ஈரச் சத்தத்துக்கு இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அவன் அவளுடைய புருஷன்.

"கப்பலு எப்ப மாமா?" என்று பேச்சை மாற்றினாள்.

"கடலு கொந்தளிக்குதுங்கிறான். கேன்சல் கேன்சல்னு அஞ்சு நாளாச்சு. கடுதாசி, காய்கறி, கோழிமுட்டை ஒண்ணும் வரவும் இல்ல, போகவும் இல்ல."

மறுநாள் எண் இருபது. அதற்கு மறுநாள் இருபத்தொன்று.

அந்த நாள்களில்தான் வாடையும் வர ஆரம்பித்தது. ஹட் பேயில் ரப்பர் மரம் கிடையாது. ஆனாலும் விடிகாலை நாலரை மணிக்கு முன்னறைக் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைக்கும்போது, பிரிண்டர் மையையும் கொசுவர்த்திப் புகையையும் தாண்டி, வாளியில் நாள்கணக்காக நின்று புளித்த ரப்பர் பாலின் வாடை, ஈரமான பழைய தாளின் வாடையோடு கலந்து, நாற்காலியின் உயரத்தில், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், அசையாமல் நின்றது. ஜன்னலைத் திறந்தால் போகும். மூடினால் அதே உயரத்தில் திரும்ப வந்து நிற்கும்.

"அம்மா, பெயின்ட் வாடை அடிக்குது," என்றாள் ஜெயராணி, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டே.

"நீ போ. நேரமாச்சு."

"இருபத்தாறாம் தேதிக்கு மிஸ் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. பத்தாவது வருஷம்ல. அப்பா என்னை ஒன் கையில தூக்கிக் குடுத்துட்டு அலையில போனாருல்ல, அதத்தான் பேசப்போறேன்."

நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்லத் தோன்றிய கதை அது. பத்து வருடத்தில் அது பள்ளிக்கூட மேடைக்கு ஏறிவிட்டது.

நடந்தது வேறு. கிறிஸ்துமஸ் ராத்திரி கணபதி குடித்துவிட்டு வந்தான். அவளை அடிப்பது புதிதில்லை. அன்று முதல் முறையாகப் பிள்ளையை அடித்தான். அவன் அயர்ந்ததும் தமிழரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவை இழுத்து, வெளிக்கொண்டியைப் போட்டுவிட்டு, மேட்டிலிருந்த மேல் லயத்துக்குப் போய்விட்டாள். விடிந்து, மணி ஆறு இருபத்தொன்பதுக்குப் பூமி ஆடியது. கொண்டியைத் திறந்துவிடத்தான் இறங்கி ஓடிவந்தாள். கதவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். கீழே கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை. சேறு பளபளத்தது. உள்ளேயிருந்து அவன் கெஞ்சவில்லை, திட்டவில்லை. பெரட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான்.

"தமிழரசி."

அவள் வாய் திறக்கவில்லை.

"ஜெயராணி."

அப்பனும் மகளும் விளையாடுகிற விளையாட்டு அது. அவன் பேர் கூப்பிடுவான், பிள்ளை "இருக்கேன்" என்று கத்தும். இடுப்பிலிருந்த பிள்ளை வாயைத் திறந்தது. தமிழரசி உள்ளங்கையால் அந்த வாயை அழுத்தி மூடினாள். கொண்டியைத் தூக்க ஒரு கை போதும். அந்தக் கையைத்தான் பிள்ளையின் வாயில் வைத்திருந்தாள். அப்படியே திரும்பி மேட்டில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்த அவன் பேரை, செத்துவிட்டான் என்று வெட்ட அவள்தான் கையெழுத்துப் போட்டாள். இந்த வீட்டுக்கு வந்த அன்று அவள் செய்த முதல் வேலை, முன்கதவின் வெளிப்பக்கக் கொண்டியைத் திருப்புளியால் கழற்றித் தூக்கி எறிந்தது. திருகாணி ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்தாள். வெளியே போனால் சாவிப் பூட்டு மட்டும்தான். கொண்டி இல்லாத வீடா என்று அக்கம்பக்கத்தில் கேட்டதற்குத் துரு பிடித்துவிட்டது என்றாள்.

எண் இருபத்துநான்கு ஆன அன்று சேவைக்காரர்களுக்கு எழுதினாள். என் கணக்குக்கு யாரோ பணம் கட்டுகிறார்கள். யார் என்று தெரியவேண்டும்.

மறுநாள் விடிகாலை பதில் வந்திருந்தது. பேர் இல்லாத ஏதோ ஓர் ஊழியர், மரியாதையாக எழுதியிருந்தார். யார் கட்டுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எங்கள் தொழில். உங்கள் எண்ணுக்கு வருவது தபாலில் வரும் ரொக்கம். தினமும் ஓர் உறை. ஒவ்வொன்றிலும் இரண்டு நாளுக்குச் சரியாக வருகிற காசு, பழைய இந்தியச் சில்லறை நோட்டுகள். ஒரு வேண்டுகோள்: அனுப்புகிறவரிடம் நோட்டுகளை உலர்த்தி அனுப்பச் சொல்லுங்கள். எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து வருகின்றன. உறைக்குள் மணல் இருக்கிறது.

அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. உறைகளை அழித்துவிடுவோம், ஆனால் கடைசியாக வந்த சீட்டில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் படம் பிடித்து அனுப்புகிறோம்.

பதினொரு நாளாகத் தீவிலிருந்து கப்பல் போகவில்லை. ஒரு தபால்பைகூடப் போகவில்லை.

அனுப்புங்கள் என்று எழுதினாள். எழுதிய விரல்கள் நசநசவென்று ஈரமாக இருந்தன. விசைப்பலகையைத் தொட்டு முகர்ந்தாள். உப்பு.

தபால் ஆபீஸில் ஜேசுதாசன் மட்டும் இருந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்; இருபது வருடமாக ஹட் பேயில் தபால் வாங்கி, தபால் கொடுத்து, பாதி ஊருக்கு முகவரியும் எழுதிக்கொடுப்பவர்.

"அண்ணே, ஆறு மாசத்துக்கு முன்னாடி நான் ஒரு வெளிநாட்டுக் கவர் போட்டேன். நெனவிருக்கா?"

"நெனவில்லாமலா? ஹட் பேலருந்து வெளிநாட்டுக்குக் கவரு போறது வருசத்துக்கு ரெண்டோ மூணோ. அனுப்புறவங்க பேரே எழுதாம போட்டுட்டுப் போயிட்ட கேட்டியா. மறதியப் பாரு! பேரு இல்லாத கவர போர்ட் பிளேர்லயே பிடிச்சு நிறுத்திப்போடுவான். நான் பின்னால ஓடிவந்து கூப்பிட்டேன், நீ ஆட்டோல ஏறிப் போயிட்ட. சரி, நம்ம பிள்ளைதானேன்னு நானே பேரு போட்டு விட்டேன்."

"என்னான்னு போட்டீங்க?"

"என்னான்னு போடுவாவ? தமிழரசி, டபிள்யூ ஓ கணபதி, ஹட் பே." தபால் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஒண்ணு மட்டும் பிசகிப்போச்சு பாத்துக்க. லேட் கணபதின்னு எழுதணும். லேட்ட விட்டுட்டேன். கவரு போனப்பெறவுதான் மண்டையில உதிச்சுது. அதனால என்ன, போய்ச் சேந்துட்டுல்லா?"

"சேந்துருச்சு அண்ணே."

"பின்னே? ஏன் முகம் இப்படி வெளிறிக் கெடக்கு? காய்ச்சலா?"

அவள் வெயிலில் வந்து நின்றாள். ஆள் போகிற வருகிற சாலை. மீன்கூடை வைத்த சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. பேர் போட்டேன் என்றார். வெட்டின பேர் அது. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல மனுஷன், உதவி என்று நினைத்து, லேட் என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு, அந்தப் பேரை மறுபடி எழுதிவிட்டார். பேர் விழுந்துவிட்டது. தோட்டத்தில் பேர் விழுந்த ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும்.

கணபதிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

இருபத்தைந்தாம் தேதி இரவு ஜெயராணி பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினாள். காலை ஐந்தரைக்கு அந்த வீட்டு வரிசையிலிருக்கிற எல்லாரும் கடற்கரை நினைவுத் தூணுக்குப் போவார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா அவளையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"நீ போகவேணாம்," என்றாள் தமிழரசி.

"பேசணும்மா! மிஸ் பேர் குடுத்துட்டாங்க."

"பேர் குடுத்தா குடுக்கட்டும். கடல் பக்கம் போகவேணாம். இந்த ஒரு வருஷம்."

பெண் அழுதாள், சண்டை பிடித்தாள், தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்தாள். காலையில் சொர்ணம்மா வந்து கதவைத் தட்டியபோது, பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஜன்னல் வழியாகவே தமிழரசி சொல்லி அனுப்பினாள். வரிசை முழுதும் செருப்புச் சத்தமும் மெழுகுவர்த்திப் பொட்டலங்களின் சரசரப்பும் இந்தியும் வங்காளமும் தமிழுமான பேச்சும் சாலைப் பக்கம் தேய்ந்து போய், கடைசியில் நாய்கள்கூட அவர்கள் பின்னால் போய்விட, பதினெட்டு வீடுகளில் இந்த ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. கதவை உள்ளே தாழிட்டாள். மகளைத் தன்னருகில் வைத்துக்கொண்டாள். அதுதான் பத்திரம் என்று நினைத்தாள்.

ஆறு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. படம் வந்திருந்தது.

திறந்தாள். மேலிருந்து கீழாக, ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக இறங்க ஆரம்பித்தது. முதலில் எங்கோ ஒரு குளிர் தேசத்து மேசையின் ஓரம். வெள்ளைக் கோப்பை ஒன்றின் விளிம்பு. பிறகு தாள், ஈரத்தில் நெளிந்தது. பச்சைக் கோடுகள். மேலே தேதிக் கட்டங்கள், ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை.

செக்ரோல்.

வாடை வந்தது. நாற்காலிக்குப் பின்னால். நின்றிருக்கும் ஆளின் உயரத்தில்.

அவள் திரும்பவில்லை. படம் இன்னும் ஒரு விரல் இறங்கியது. பென்சில் எழுத்து. ழகரத்தின் வாலை நீட்டி இழுக்கிற கை. *தமிழரசி.* எதிரே கட்டங்களில் பெருக்கல் குறிகள். பதினாறு, பதினேழு, பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்துநான்கு. தூரதேசத்தில் ஐந்து நாளுக்கு முன் போய்ச் சேர்ந்த தாளில் நேற்றைய தேதிக்கும் குறி இருந்தது. இருபத்தைந்து, முழுப்பேர்.

இருபத்தாறு. ஒற்றைச் சாய்கோடு.

அரைப்பேர்.

அவள் பேருக்குக் கீழே இன்னொரு வரி தொடங்கியது. எழுத்துகளின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. இணைப்பு நின்றது.

முன்கதவின் வெளிப்பக்கம் கொண்டி விழுந்தது.

இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். பத்து வருடமாக அவள் காதில் இருந்த சத்தம். அந்தக் கதவில் கொண்டி கிடையாது. எழுந்து ஓடி உள்தாழ்ப்பாளை விலக்கி இழுத்தாள். அசையவில்லை. சாவியைத் திருகினாள். இழுத்தாள். கதவு ஒரு நூல் அளவு அசைந்து, வெளியே எதிலோ இடித்து, நின்றது.

பாதம் நனைந்தது.

கதவுக்கடியிலிருந்து தண்ணீர். ஓசையே இல்லாமல். வெயில்பட்டுப் பளபளத்து, சேற்று நிறத்தில். உப்பு வாடை. ஒரு மைல் தூரம். நடுவில் சாலை, பள்ளிக்கூடம், தென்னந்தோப்பு, மேடு. எங்கும் கூச்சல் இல்லை. தண்ணீர் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்திருந்தது.

மணி ஆறு இருபத்தொன்பது.

"தமிழரசி."

கதவுக்கு அந்தப் பக்கம். பெரட்டுக் குரல். கோபம் இல்லை. அவசரம் இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளறையைப் பார்த்தாள். அங்கே போர்வை அசைந்தது. கையை எடுத்தாள்.

"இருக்கேன்," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி. "இருக்கேன். நான்தான். நான் இருக்கேன். அவ சின்னப் புள்ள. நான் இருக்கேன்!"

பென்சில் முனை நாக்கைத் தொடும் சத்தம். பொறுமையான சத்தம்.

"ஒனக்குப் பேர் போட்டாச்சு, புள்ள."

தாள் புரண்டது.

அவள் உள்ளறைக்குப் பாய்ந்தாள். ஜெயராணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. தூக்கம் கலையாத கண். கால்களைத் தொங்கவிட்டிருந்தாள், பாதங்கள் தண்ணீரில். தமிழரசி அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். உள்ளங்கையால் அந்த வாயை மூடினாள். அழுத்தினாள். பல் பதிய அழுத்தினாள்.

"ஜெயராணி."

உள்ளங்கைக்குள் உதடுகள் விரிந்தன. சிரிப்பு. நாலு வயதுச் சிரிப்பு. கைக்குள் சூடாக, தெளிவாக, அந்தச் சொல் வந்தது.

"இருக்கேன்!"

சரக், சரக். இரண்டு கோடு. முழுப்பேர்.

பிடியில் இருந்த உடம்பு இளைத்தது. பதினாலு வயதுத் தோள் அவள் கைக்குள்ளேயே சுருங்கியது. ஈரச் சோப்புக்கட்டி போல வழுக்கியது. எதையோ பிடித்தாள். போர்வை. முன்னறையில் சின்னக் கால்கள் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடின. கொண்டி தூக்கப்பட்டது. வெளிச்சம். கதவு. மறுபடி இருட்டு.

கொண்டி விழுந்தது.

"ஜெயராணி!"

தண்ணீர் முழங்காலில். கதவை அடித்தாள். தோளால் இடித்தாள். பின்னால் திரை லேசாக மினுங்கியது, இணைப்பு வந்திருந்தது. நின்றிருந்த வரி இறங்கி முடிந்தது. ஜெயராணி. எல்லாக் கட்டமும் காலி. இருபத்தாறில் மட்டும் பெருக்கல் குறி. அது என்றைக்கோ போட்டது. தாள் அனுப்பும்போதே போட்டது.

"ஜெயராணி!"

தண்ணீர் இடுப்பில். குனிந்தாள். சாவித் துளையில் கண்ணை வைத்தாள்.

வெளியே வெயில். கதவுக்குப் பத்தடி தூரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலை கலைந்து, கன்னம் வீங்கி, வயது இருபத்து நாலு இருக்கும். அவள் உடுத்தியிருந்த பூப்போட்ட சேலையைத் தமிழரசி பத்து வருடத்துக்கு முன் ஒரு மேட்டில் கிழித்து எறிந்திருந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை. பிள்ளை கதவைப் பார்த்துத் துள்ளியது, கையை நீட்டியது, வாயைத் திறந்தது.

"ஜெயராணி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "கொண்டிய எடு! ஒரு கை போதும்! கொண்டிய எடு!"

அந்தப் பெண் உள்ளங்கையால் பிள்ளையின் வாயை மூடினாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று தமிழரசிக்குத் தெரியும்.